"சோகத்துலயே போயிருச்சு"ன்னு சொல்றதுக்கு முன்னாடி: ஜோடி இழந்த பறவையை எப்படிப் பாத்துக்கறது?

(எபிசோடின் எழுத்து வடிவம். பேச்சுநடையை அப்படியே விட்டிருக்கோம். திரும்பத் திரும்ப வந்த இடங்களை மட்டும் வெட்டியிருக்கோம்.)

கோயமுத்தூர்ல இருந்து பேசறேன். இன்னைக்கு எபிசோடுக்கு நான் தலைப்பு யோசிக்கவே இல்ல, நீங்களே குடுத்துட்டீங்க. கொஞ்ச நாளா வர்ற வாய்ஸ் நோட்ல பாதிக்குப் பாதி ஒரே கேள்வி. "அண்ணா, ரெண்டு லவ் பேர்ட்ஸ் வெச்சிருந்தோம். ஒண்ணு காலைல கூண்டுக்கு அடியில கிடந்துச்சு. இன்னொண்ணு கத்தறதே இல்ல, ஒரு மூலையில உக்காந்திருக்கு. இன்னைக்கே இன்னொண்ணு வாங்கிப் போட்டரட்டுங்களா?"

இன்னைக்கு வேண்டாமுங்க. ஏன் வேண்டாம்கறதுதான் இந்த எபிசோடு.

இந்த மாதிரி நேரத்துல நம்ம வீட்ல ஒரு வசனம் வரும் பாருங்க. ஒரு பறவை சாகுது, நாலு நாள் கழிச்சு ரெண்டாவதும் போகுது. உடனே பக்கத்து வீட்டு அக்கா வரைக்கும் எல்லாரும் சொல்றது, "ஜோடி போன சோகத்துலயே இதுவும் போயிருச்சு". நமக்கு இது ரொம்பப் பழக்கமான கதை. சங்க காலத்துல இருந்தே அன்றில், மகன்றில்னு இணை பிரியாத பறவைகளைப் பாடி வெச்சிருக்காங்க. அதைக் கேட்டு வளர்ந்த காதுக்கு, கூண்டுல ரெண்டாவது பறவை சாகறது காதல் கதையாத்தான் கேக்கும்.

ஆனா நாலு நாள் இடைவெளில ஒரே கூண்டுல ரெண்டு சாவுன்னா, நான் மொதல்ல சந்தேகப்படறது சோகத்தை இல்ல. முதல் பறவையைக் கொன்னது எதுவோ, அதைத்தான். அது ஒரு கிருமியா இருக்கலாம், அடுப்படிப் புகையா இருக்கலாம், கூண்டுக் கம்பில பூசுன துத்தநாகமா இருக்கலாம். அது அங்கயேதான் இருக்கு, அடுத்த பறவையைத் தொடுது. "சோகம்"னு சொல்லி நாம அதைத் தேடாம விட்டர்றோம். அப்புறம் மூணாவதா ஒண்ணை வாங்கி அதே கூண்டுல விடறோம்.

சோகம் பொய்னு சொல்லல. பறவைக்கு அது இருக்கு, அதுக்கும் வர்றேன். முதல் வாரத்துல எது முதல், எது ரெண்டாவதுங்கற வரிசைதான் இங்க முக்கியம்.

செத்த பறவையைப் பாருங்க

என் அம்முச்சி பல்லடம் பக்கம் கோழி வளத்தவங்க. பண்ணைக் கோழி இல்ல, வீட்டுக் கோழி, பத்துப் பன்னெண்டு. ஒரு கோழி செத்துக் கெடந்தா அவங்க அழமாட்டாங்க, திட்டவும் மாட்டாங்க. காலைப் புடிச்சுத் தூக்கி, கழுத்துக்குக் கீழ தீனிப்பை நெறஞ்சிருக்கா காலியா இருக்கான்னு தடவிப் பாப்பாங்க. பின்னாடி வெள்ளையா, பச்சையாக் கழிஞ்சிருக்கான்னு பாப்பாங்க. அப்புறம் மிச்சக் கோழில எது தூங்கி வழியுதோ அதைத் தனியாக் கொடாப்புல போட்டுக் கவுத்துருவாங்க. ரெண்டு நிமிஷ வேலை. நாமக்கல் முட்டை, பல்லடம் கறிக்கோழின்னு பேர் வாங்குன ஊர்ங்க நம்முளது. கோழிக்கு இவ்வளவு தெரிஞ்ச நாம, கூண்டுப் பறவை விஷயத்துல மட்டும் கவிதை பாடிட்டு உக்காந்திருக்கோம்.

அதனால மனசைக் கொஞ்சம் கல்லாக்கிட்டு, செத்த பறவையைப் பாருங்க. கையில கவர் போட்டுக்கங்க, வாய்க்கு மாஸ்க். நெஞ்செலும்பு கத்தி மாதிரித் துருத்திட்டு இருக்கா? அப்படின்னா அது ரொம்ப நாளாவே இளைச்சிட்டு இருந்திருக்கு, மேல இறகு மூடி இருந்ததால நமக்குத் தெரியல. ஆசனவாயைச் சுத்தி எச்சம் ஒட்டியிருக்கா? மூக்கு ஈரமா, கண்ணு வீங்கியிருக்கா? மூக்குக்கு மேலயும் காலுலயும் சுண்ணாம்பு பூசுன மாதிரிப் பொரபொரன்னு இருந்தா அது ஒருவகைச் சொறிப் பூச்சி, ஜோடிக்கும் ஒட்டியிருக்கும். பொட்டைப் பறவை அடிவயிறு வீங்கிக் கிடந்தா முட்டை அடைச்சிருக்கலாம். அப்படி இருந்தா ஒரு வகைல நிம்மதி, அது மத்ததுக்கு ஒட்டாது.

நேத்து ராத்திரி வரைக்கும் நல்லா இருந்துச்சு, திடீர்னு போயிருச்சுன்னா அடுப்படியைக் கேளுங்க. நான்ஸ்டிக் தோசைக்கல்லை வெறுமனே பெரிய தீயில வெச்சா, சில நிமிஷத்துலயே சூடு 260 டிகிரியைத் தாண்டிப் போகும். அந்தப் பூச்சுல இருந்து வர்ற புகைக்கு வாசனை கூடப் பெருசா இருக்காது. நமக்கு லேசா இருமல் வரும், பறவை நிமிஷக் கணக்குல விழுந்துரும். பறவையோட நுரையீரல் காத்துல இருந்து நம்மளவிட அதிகமா உறிஞ்சற மாதிரி அமைஞ்சது, நல்லதும் சரி, கெட்டதும் சரி. கொசுவர்த்தி, ரூம் ஸ்ப்ரே, சாம்பிராணி, புதுசா அடிச்ச பெயின்ட் எல்லாம் இந்தக் கணக்குதான். ஒரு பறவை புகைல போயிருந்தா, இன்னொண்ணும் அதே காத்தைத்தான் மூச்சு விட்டிருக்கு.

எதுவும் புரியலயா, பிரேதப் பரிசோதனை பண்ணலாம். இந்தச் சின்னக் குருவிக்கான்னு சிரிக்காதீங்க. நாமக்கல்ல 1985-ல ஆரம்பிச்ச கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கு, கோழி நோய்ல ஊறுன இடம். உடுமலைப்பேட்டைலயும் இப்ப ஒரு கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கு. போன் பண்ணிக் கேட்டுட்டுப் போங்க. உடம்பை பிளாஸ்டிக் கவர்ல கட்டி பிரிட்ஜ்ல கீழ்த் தட்டுல வைங்க. ஃப்ரீசர்ல வைக்காதீங்க, உறைஞ்சா உள்ள இருக்கற திசு கெட்டுப் போயிரும், பாக்கறவங்களுக்கு ஒண்ணும் தெரியாது. ஒரு நாளைக்குள்ள கொண்டு போயிட்டா நல்லது. வீட்ல நாலஞ்சு ஜோடி வெச்சிருக்கறவங்க இதைக் கட்டாயம் பண்ணணும்னு சொல்வேன். ஒண்ணே ஒண்ணு மிச்சம்னா, உயிரோட இருக்கறதை டாக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போறதுக்கு அந்தக் காசைச் செலவு பண்ணுங்க.

உங்களுக்கும் ஒரு விஷயம் இதுல இருக்கு. கிளமிடியா சிட்டாசின்னு ஒரு பாக்டீரியா. கிளி இனப் பறவைகள்ல வரும், பட்ஜீ, காக்டெயில் எல்லாம் அந்த இனம்தான். காஞ்ச எச்சம் தூசியாப் பறந்து நம்ம மூச்சுலயும் போகும், நமக்கு நிமோனியா வரைக்கும் கொண்டு போகும். பறவை செத்த ரெண்டு மூணு வாரத்துல வீட்ல யாருக்காவது காய்ச்சல், தலைவலி, வறட்டு இருமல் வந்தா, டாக்டர்கிட்ட "வீட்ல பறவை வளக்கறோம், ஒண்ணு செத்துருச்சு"ன்னு வாய் திறந்து சொல்லுங்க. அவங்களாக் கேக்க மாட்டாங்க. கூண்டைச் சுத்தம் பண்றப்போ மொதல்ல தண்ணி தெளிச்சு நனைச்சுட்டு அள்ளுங்க. காஞ்சதை விளக்கமாறு போட்டுக் கூட்டாதீங்க.

அப்புறம் நம்ம பக்கத்துல மட்டும் இருக்கற ஒரு ஆபத்து. தெருவுக்குத் தெரு கோழி மருந்துக் கடை இருக்கறதால, "இந்தப் பவுடரைத் தண்ணில கலக்கிக் குடுங்க"ன்னு யாராவது ஒரு ஆன்டிபயாடிக் பாக்கெட்டைக் கையில திணிச்சிருவாங்க. அந்த அளவு ஆயிரக்கணக்குல இருக்கற பண்ணைக் கோழிக்குப் போட்டது. உங்க பறவை 35 கிராம். அதுவும் போக, மருந்துத் தண்ணி கசக்கும், ஏற்கெனவே மந்தமா இருக்கற பறவை தண்ணி குடிக்கறதையும் விட்டுரும். டாக்டர் பாக்காம வேண்டாமுங்க.

உமியை ஊதிப் பாருங்க

சரி, உயிரோட இருக்கறதுக்கு வருவோம். சோகத்தால ஒரு பறவைக்கு நிஜமான ஆபத்துன்னா அது ஒரே வழிலதான் வரும்: சாப்பிடாம இருக்கறது. பட்ஜீ மாதிரிச் சின்ன உடம்புக்கு இருப்புங்கறதே கெடையாது. நாம ரெண்டு நாள் பட்டினி கிடக்கலாம். அதுக்கு ஒரு முழு நாள் சாப்பிடலன்னாலே டாக்டர்கிட்டப் போற அவசரம்.

இங்கதான் நிறையப் பேர் ஏமாந்து போறாங்க. "கிண்ணம் நெறையத் தினை இருக்குண்ணா." கிண்ணத்துல இருக்கறது தினை இல்லீங்க, உமி. பறவை தினையை உரிச்சு உள்ள இருக்கறதைத் தின்னுட்டு, தோலை அங்கயே போட்டுரும். மேலாகப் பாத்தா கிண்ணம் ரொம்பி இருக்கற மாதிரியே இருக்கும். தினம் காலைல ஊதுங்க. உமி பறந்தா அது சாப்பிட்டிருக்கு. ஒண்ணுமே பறக்கலன்னா, முழுத் தினை அப்படியே இருந்தா, அதுதான் கவலைப்பட வேண்டிய கிண்ணம்.

ரெண்டாவது, எடை. சமையலறைல வைக்கற டிஜிட்டல் தராசு, ஒரு கிராம் வரைக்கும் காட்டறது போதும். தினம் காலைல, சாப்பிடறதுக்கு முன்னாடி, ஒரே நேரத்துல நிறுத்து போன்ல எழுதி வைங்க. பட்ஜீ சாதாரணமா 30-ல இருந்து 40 கிராம், காக்டெயில் 80-ல இருந்து 100 சொச்சம். எடையில பத்துல ஒரு பங்கு குறைஞ்சா காத்திருக்கக் கூடாது. 36 கிராம் பட்ஜீ 32-க்கு வந்தா, நம்ம கண்ணுக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது, தராசுக்குத் தெரியும். என் வீட்ல ஒரு ஆண் காக்டெயில் இருக்கான். அவன் பொட்டை முட்டை அடைச்சுப் போனப்போ அவன் 94 கிராம். அஞ்சு நாள்ல 88-க்கு வந்தான். ஆறாவது நாள் 88, ஏழாவது நாள் 89. அந்த ஒரு கிராமைப் பாத்துத்தான் நான் அன்னைக்கு ஆபீஸ் போனேன். அவன் அப்பவும் கத்தாம, கொண்டையைப் படிய வெச்சுட்டுத்தான் உக்காந்திருந்தான். மூஞ்சியை மட்டும் பாத்திருந்தா என்னால ஒண்ணும் சொல்லியிருக்க முடியாது.

மூணாவது எச்சம். கூண்டுக்கு அடியில வெள்ளைப் பேப்பர் போடுங்க, நியூஸ் பேப்பர்ல நிறம் தெரியாது. பச்சையும் வெள்ளையுமாச் சின்னச் சின்ன உருண்டை, நெறைய இருந்தா வயிறு ஓடிட்டிருக்கு. எண்ணிக்கை சட்டுனு குறைஞ்சாலும், தண்ணியாப் போனாலும், உரிக்காத தினை முழுசா வெளிய வந்தாலும் காட்டணும்.

சாப்பிட வைக்கறதுக்கு என்ன பண்ணலாம்? அதுக்குப் புடிச்சதைக் குடுங்க, சத்து பத்தியெல்லாம் இந்த வாரம் யோசிக்க வேண்டாம். தினைக் கதிரை முழுசா, அது எப்பவும் உக்கார்ற குச்சிக்குப் பக்கத்துலயே கட்டி விடுங்க. கொத்தமல்லி, முருங்கைக்கீரை, மொளைகட்டுன கம்பு. சந்தைக் கீரைல மருந்து அடிச்சிருப்பாங்க, நல்லா அலசிட்டுக் குடுங்க. அவகாடோ மட்டும் எப்பவுமே கூடாது, பறவைக்கு விஷம். நீங்க முன்னாடி உக்காந்து சாப்பிடுங்க. கூட்டமா மேயற பறவை, மத்தது சாப்பிடறதைப் பாத்தாத்தான் அதுக்கும் கை வரும், சாரி, அலகு வரும்.

நாள் முழுக்க உப்பிப் போய் உக்கார்றது, கூண்டுத் தரையில இறங்கி உக்கார்றது, மூச்சு விடறப்போ வால் மேலயும் கீழயும் ஆடறது, வாந்தி. இதுல ஏதாவது ஒண்ணு பாத்தா அது சோகம் இல்ல, சீக்கு. பறவை கடைசி வரைக்கும் நோயை மறைக்கும். கூட்டத்துல நோஞ்சானா தெரிஞ்சா வல்லூறு தூக்கிட்டுப் போயிரும்கற பயம் அதோட ரத்தத்துலயே இருக்கு. அதனால அது காட்ட ஆரம்பிச்சாச்சுன்னா நேரம் குறைவுன்னு அர்த்தம். ஊர்ல நிறைய கிளினிக்ல நாய், பூனைதான் பாப்பாங்க. அந்த நேரத்துல தேடாம, இப்பவே ரெண்டு மூணு இடத்துக்குப் போன் பண்ணி "பறவை பாப்பீங்களா"ன்னு கேட்டு நம்பரை வெச்சுக்கங்க.

பதில் வராத கூப்பாடு

இப்பத்தான் சோகத்துக்கு வர்றேன்.

நம்ம ஊர்ல லவ் பேர்ட்ஸ்னு விக்கறது பெரும்பாலும் பட்ஜீங்க. ஆஸ்திரேலியாவோட வறண்ட பகுதில ஆயிரக்கணக்குல கூட்டமாப் பறக்கற பறவை. 1840-ல ஜான் கூல்டுங்கறவர் உயிரோட இங்கிலாந்துக்குக் கொண்டு போனாரு, அங்கிருந்து உலகம் பூராக் கூண்டுக்கு வந்துருச்சு. அந்தப் பெரிய கூட்டத்துல ஒண்ணை ஒண்ணு தொலைக்காம இருக்கறதுக்கு அதுங்களுக்கு ஒரு சின்னக் கூப்பாடு இருக்கு. "நான் இங்க இருக்கேன், நீ எங்க?"ங்கற மாதிரி. கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்துல இர்வைன்ல பண்ணி 2000-ல வெளியிட்ட ஆய்வு ஒண்ணுல, ஜோடி சேர்றப்போ ஆண் பட்ஜீ தன்னோட கூப்பாட்டை மாத்திக்கிட்டு, பொட்டையோட கூப்பாட்டையே கத்துக்குதுன்னு பாத்தாங்க. சில வாரத்துல ரெண்டுக்கும் கிட்டத்தட்ட ஒரே கூப்பாடு.

இதை நான் படிச்சதுக்கப்புறம், ஜோடி போன பறவை திடீர்னு சத்தமாக் கத்தறதை வேற மாதிரிக் கேக்க ஆரம்பிச்சேன். மொதல் ரெண்டு நாள் சில பறவைங்க ஓயாமக் கூப்பிடும். பதில் வராது. அப்புறம் கம்முன்னு ஆயிரும். வீட்ல இருக்கறவங்க "அப்பாடா, பழகிருச்சு"ம்பாங்க.

தனிமை உடம்பையே தேய்க்கும்கறதுக்கும் சான்று இருக்கு. வியன்னால ஆப்பிரிக்கச் சாம்பல் கிளிகளை வெச்சு 2014-ல ஒரு ஆய்வு வந்துச்சு. செல்லுக்குள்ள குரோமோசோம் நுனில டெலோமியர்னு ஒண்ணு இருக்கு, வயசாக ஆகத் தேயும். தனியா வளந்த 9 வயசுக் கிளிகளோட டெலோமியர், ஜோடியா வாழ்ந்த, அதைவிட 23 வயசு மூத்த கிளிகளோட அளவுக்குத் தேஞ்சிருந்துச்சு. அதனால "பறவைதான, பழகிக்கும்"னு யாராவது சொன்னா நம்பாதீங்க.

அப்ப என்ன பண்றது? பதில் குடுங்க. அவ்வளவுதான், கேக்கறதுக்குச் சின்னதா இருக்கும். அது கூப்பிடறப்போ பக்கத்து ரூம்ல இருந்தே ஒரே மாதிரி ஒரு விசில். எப்பவும் அதே விசில். கொஞ்ச நாள்ல அது அந்த விசிலைப் போட்டு உங்களைத் தேடும். ஓர்க் ஃப்ரம் ஹோம்ல இருக்கறவங்க கூண்டை நீங்க உக்கார்ற ரூமுக்கே கொண்டு வாங்க, ஆனா ஒரே தடவை, நாளுக்கொரு இடம் மாத்தாதீங்க. நோய்ச் சந்தேகம் இருந்தா கிண்ணம், குச்சி, தரைத்தட்டு எல்லாம் கழுவியே ஆகணும், வேற வழியில்ல. ஆனா கழுவிட்டு எது எங்க இருந்துச்சோ அங்கயே திரும்ப மாட்டுங்க. ஜோடி போனதோட, வீடும் மாறுன மாதிரி ஆகக் கூடாது. சாயங்காலம் ஏழு மணிக்குத் துணி மூடற பழக்கம்னா இன்னும் ஏழு மணிதான், நெட்ஃபிளிக்ஸ் இருந்தாலும். தூக்கம் பத்து, பன்னெண்டு மணி நேரம் வேணும்.

கண்ணாடி வைக்கலாமான்னு கேக்கறாங்க. நான் வைக்க மாட்டேன். அது எதிர்ல இருக்கறதை இன்னொரு பறவைன்னு நெனச்சு ஊட்டி விடும், அந்தப் பறவை ஒருநாளும் பதில் சொல்லாது. யூடியூப்ல பட்ஜீ சத்தம் பத்து மணி நேர வீடியோ ஓட விட்டுட்டு ஆபீஸ் போறதும் எனக்குப் புடிக்கல. கூட்டம் இருக்கு, யாரும் திரும்பிப் பேசல, அதுக்கு அப்படித்தான இருக்கும்? மெதுவா ரேடியோவோ இளையராஜாவோ ஓடட்டும், அது வெறும் வீட்டுச் சத்தம். தொட விடற பறவைன்னா தலை, கழுத்தோட நிறுத்திக்கங்க. முதுகைத் தடவுனா உங்களை ஜோடியாவே எடுத்துக்கும், அப்புறம் நீங்க இல்லாத பத்து மணி நேரமும் அதுக்குக் கஷ்டம்.

கூட்டுப் பானைல குஞ்சு இருக்கறப்போ ஒண்ணு போயிருச்சுன்னா கதை வேற. பட்ஜீல ஆண்தான் பொட்டைக்கு ஊட்டும், பொட்டை குஞ்சுக்கு ஊட்டும். ஆண் போயிட்டா அவளே வெளிய வந்து தின்னுட்டு உள்ள போகணும். ரெண்டு மூணு குஞ்சுன்னா சமாளிச்சுருவா. அஞ்சு ஆறு இருந்தா அனுபவம் இருக்கற ஒருத்தரோட உதவி அன்னைக்கே வேணும்.

புது ஜோடி: எப்ப, எப்படி

பட்ஜீயும் காக்டெயிலும் பொதுவாப் புதுத் துணையை ஏத்துக்கற பறவைங்கதான். அன்றில் கதை இங்க செல்லாது, நல்லவேளை. ஆனா நாள் கணக்கு இருக்கு. பழையது நோய் இல்லாம, எடை நிலையா இருக்கறது உறுதியாகணும். அப்புறம் வாங்குனாலும் புதுசு 30-ல இருந்து 45 நாள் வேற ரூம்ல இருக்கணும். வேற கூண்டு, வேற கிண்ணம். மொதல்ல பழையதுக்குத் தீனி, அப்புறம் புதுசுக்கு, அப்புறம் கை கழுவல். கடைக்காரர் "நல்ல பறவைங்க, நேரா விடுங்க"ம்பாரு. ஒரே கடைல நூறு பறவை ஒரே காத்துல இருந்துட்டு வருதுங்க. சின்ன ஃப்ளாட், ரெண்டாவது ரூம் இல்லன்னா, கடையை விட, ஒத்தைப் பறவையோட தவிக்கற வேற வீட்டைத் தேடறது மேல். அங்க ரெண்டு மூணு மாசமாப் புதுப் பறவை எதுவும் வரலன்னா ஆபத்து கொஞ்சம் குறைவு, ஆனாலும் தனி ரூம் கணக்கு கணக்குதான்.

மூக்குக்கு மேல இருக்கற சதை ஆணுக்கு நீலம், பொட்டைக்குப் பழுப்பு, இளசுல ரெண்டுக்கும் வெளிர்ந்து இருக்கும். சில நிறத்துல இது சரிவராது. பட்ஜீ பொட்டைக்குக் கூண்டுங்கறது அவளோட எடம். அதுக்குள்ள புதுசாக் கொண்டு போய் இன்னொரு பொட்டையை விட்டா ரத்தம் பாக்கும். ரெண்டு கூண்டையும் ஒரு வாரம் பக்கத்துப் பக்கத்துல வெச்சு, அப்புறம் ரெண்டுக்கும் சொந்தமில்லாத ஒரு ரூம்ல ஒண்ணா விட்டு, கடைசியா ஒரே கூண்டு. பானையைக் கழட்டி வெச்சிருங்க, சண்டை பாதி குறையும். ஆப்பிரிக்கன் லவ் பேர்ட்ஸைப் பட்ஜீயோட சேர்த்து விடவே விடாதீங்க, கால் விரலைக் கடிச்சு எடுத்துரும்.

ஆப்பிரிக்கன் வளக்கறவங்களுக்கு ஒரு சட்ட விஷயமும் இருக்கு. பட்ஜீ, காக்டெயில், பீச் ஃபேஸ் லவ் பேர்டு மூணுக்கும் பதிவு தேவையில்ல. ஃபிஷர், மாஸ்க்டு லவ் பேர்டு, சன் கன்யூர் மாதிரி சர்வதேச ஒப்பந்தப் பட்டியல்ல இருக்கறதை 2024 விதிகள்படி பரிவேஷ் தளத்துல பதிவு பண்ணணும். செத்துப் போனாலும் அதைத் தெரிவிக்கணும்.

பச்சைக்கிளி வெச்சிருக்கறவங்களுக்கு இந்தப் பகுதியே பொருந்தாது. நம்ம மண்ணோட பறவை வியாபாரம் 1990-கள் தொடக்கத்துலயே முழுசாத் தடை ஆயிருச்சு. 2023-ல வனத்துறை நம்ம ஊர்லயே, வீட்ல இருக்கற கிளிகளைக் கொண்டு வந்து ஒப்படைக்கச் சொல்லிக் கேட்டுச்சு. ரெண்டு கிளில ஒண்ணு போயிருச்சு, இன்னொண்ணுக்குத் துணை வேணும்னு ரகசியமாத் தேடறவங்க, தேடறதை விட்டுட்டு மிச்சம் இருக்கறதை வனத்துறைகிட்டக் குடுங்க. அது கூட்டத்தோட சேர்றதுக்கு அது ஒண்ணுதான் வழி.

கடைசியா, யாரும் வாய் விட்டுக் கேக்காத கேள்வி ஒண்ணு. புதுசு வாங்குனா, பழையது ஒருநாள் போகும், அப்ப புதுசு தனியாகும், அதுக்கு இன்னொண்ணு. இது எங்க முடியும்? சுவிட்சர்லாந்துல 2008-ல சட்டமே போட்டாங்க, கிளி, கினிப் பன்றி மாதிரிக் கூட்டமா வாழற பிராணியைத் தனியா வளக்கக் கூடாதுன்னு. உடனே இதே சிக்கல் வந்துச்சு. அதனால அங்க ஜோடி போன கினிப் பன்றிக்கு, அதோட கடைசிக் காலம் வரைக்கும் ஒரு துணையை வாடகைக்குக் குடுக்கற ஏற்பாடு வந்துருச்சு. முதல்ல கேக்கறப்போ சிரிப்பு வரும். யோசிச்சா ரொம்பப் புத்திசாலித்தனமான ஏற்பாடு.

நம்மகிட்ட அப்படி வாடகை முறை இல்ல, ஆனா கணக்கு அதேதான். பட்ஜீ நல்லாப் பாத்துக்கிட்டா 5-ல இருந்து 10 வருஷம், காக்டெயில் 15, 20 கூட. உங்களுக்கு இப்ப 23 வயசு, ரெண்டு வருஷத்துல பெங்களூர் போவீங்களோ, கல்யாணம் ஆகுமோ தெரியாது. இப்ப இருக்கறது ஏழு வயசுப் பட்ஜீன்னா, புதுக் குஞ்சு வாங்கறதை விட, நாலஞ்சு பறவை பெரிய கூண்டுல இருக்கற நம்பிக்கையான வீட்டுக்கு அதைக் குடுக்கறதும் ஒரு வழி. அங்கயும் தனி ரூம் நாள் கணக்கு உண்டு. இல்ல, இது என்கூடத்தான்னு முடிவு பண்ணுனா, ஒரு நாளைக்கு மூணு நாலு மணி நேரம் அதுகூட இருக்க முடியுமான்னு மட்டும் நேர்மையாப் பாத்துக்கங்க. என் காக்டெயில் விஷயத்துல நான் புதுசு வாங்கல. வீட்ல அம்மா நாள் முழுக்க இருக்காங்க, அவன் அவங்க விசிலுக்குத்தான் பதில் குடுக்கறான், என்னதுக்கு இல்ல.

உங்க பறவையோட எடைக் கணக்கு, எச்சத்தோட போட்டோ எல்லாம் அனுப்பிக் கேக்கறவங்க கேளுங்க, தெரிஞ்சதைச் சொல்றேன். ஆனா தரையில உக்காந்திருக்குன்னா எனக்கு வாய்ஸ் நோட் போடாதீங்க, வண்டியை எடுங்க.